அதே மாதிரி, ஆனா அது இல்ல

1

"அன்புள்ள மிஸ் மாரியப்பன், இலக்கியக் கோட்பாடுகள் பாடத்துக்கு நீங்கள் அளித்த கட்டுரையின் சில பத்திகள், ஏற்கெனவே வெளிவந்த ஓர் ஆய்வுரையோடு பெருமளவு ஒத்துப்போவதை எங்கள் மென்பொருள் காட்டியுள்ளது. இதுபற்றி விசாரணைக் குழுவின் முன் நீங்கள் விளக்கம் அளிக்க வேண்டும். குற்றம் உறுதியானால் உங்கள் படிப்பு இடம் ரத்தாகலாம்."

கடிதத்தின் தேதி 2008 மே 12. இன்று 2009 மே 12. ஓராண்டு முடிந்துவிட்டதால் எழுதுகிறேன். தேதி தவறினால் எனக்கு எழுத வராது.

மாரியப்பன் என் பெயர். இந்த நாட்டுக்கு வந்தபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள். என் பெயரையே கொடுத்தேன். அதனால் மனைவிக்கு வரும் கடிதத்திலும் மகளுக்கு வரும் கடிதத்திலும் எல்லாம் மாரியப்பன்தான். இதையும் எனக்கு வந்தது என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

மகள் கயல்விழி அப்போது ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. வீட்டிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் பல்கலைக்கழகம். அங்கே அவள் பெயர் 'கே'. முழுப் பெயரைச் சொல்லிக் கொடுக்கச் சோம்பல் என்று நான் நினைத்தேன். சொல்லிக் கொடுத்துச் சலித்துவிட்டது என்றாள் அவள். இரண்டில் எது என்று நான் குறித்து வைக்கவில்லை.

கடிதத்தோடு ஒரு துண்டறிக்கை இருந்தது. பிறர் எழுதியதைச் சொந்தச் சொற்களில் எழுதுவது எப்படி என்று அதில் விளக்கியிருந்தார்கள். சொற்களை மட்டும் மாற்றிவிட்டு வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டால் அது உங்கள் எழுத்து ஆகாது. மூலத்தை வாசியுங்கள். மூடி வையுங்கள். புரிந்ததை எழுதுங்கள். எழுதி முடித்த பிறகும் அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லுங்கள். நல்ல அறிவுரை. அதோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

துண்டறிக்கைக்கு அடியில் மென்பொருளின் அறிக்கை. இடப்பக்கம் மகளின் பத்திகள். வலப்பக்கம் ஒத்துப்போகிற ஆய்வுரை. அதை எழுதியவர் பேராசிரியர் தனசேகரன், ஆங்கிலத் துறை, விருதுநகர் மாவட்டம், தமிழ்நாடு. 2004இல் ஒரு கருத்தரங்கில் வாசித்ததைக் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றியிருந்தார்கள்.

தனசேகரன் என் கல்லூரித் தோழன். ஒரே பெஞ்ச். வலப்பக்கத்தை வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்து எங்கே போகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஏனென்றால் அவற்றை எழுதியவன் நான்.

2

நான் இங்கிலாந்தில் இந்தக் கவென்ட்ரிக்கு வந்தது 1986 செப்டம்பரில். அதற்கு முன் சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கலில் சித்தப்பாவின் அச்சகத்தில் நிறம் பார்க்கிற வேலை. பட்டாசு லேபிளில் சிவப்பு எவ்வளவு சிவப்பாக இருக்க வேண்டும் என்று சொல்கிறவன். இங்கேயும் அதே வேலைதான், தக்காளி சாஸ் லேபிளுக்கு. அங்கே என்னை அண்ணாச்சி என்றார்கள். இங்கே மாரி என்கிறார்கள்.

தொண்ணூறுகளில் ஊரிலிருந்து சிறுபத்திரிகைகளைத் தபாலில் வரவழைத்து வாசித்தேன். அப்போது அவற்றில் கட்டுடைப்பு என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வெடித்துக்கொண்டிருந்தது. வாசித்தவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். புரியாதவர்கள் வேகமாக ஆட்டினார்கள். நான் இங்கே நூலகத்தில் இருந்த ஆங்கிலப் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். எனக்குப் பிடிபட்ட அளவு இதுதான். நாம் எதையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை மேலே வைக்கிறோம்: அசல் மேலே, நகல் கீழே. பிரதியை உற்று வாசித்தால், மேலே இருப்பது கீழே இருப்பதன் தோள்மேல்தான் நிற்கிறது என்று அந்தப் பிரதியே காட்டிக்கொடுத்துவிடும். கட்டுடைப்பு என்றால் இடித்துப் போடுவது என்று நினைத்தவர்கள் ஊரில் நிறைய. கட்டடம் எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அது.

இதைச் சொல்ல எனக்கு வெளிநாட்டு உதாரணம் தேவைப்படவில்லை. சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் இருந்தது.

சின்னக் கம்பெனிக்காரர்கள் லேபிள் ஆர்டர் கொடுக்க வரும்போது, சந்தையில் நன்றாக ஓடுகிற ஒரு பெட்டியை மேசையில் வைப்பார்கள். "அதே மாதிரி வேணும், ஆனா அது இல்ல" என்பார்கள். அவ்வளவுதான் ஆர்டர். கிளி இருந்தால் புறா ஆகும். மஞ்சள் கொஞ்சம் ஆரஞ்சு ஆகும். வாங்குகிறவர் கண்ணுக்கு அதே பெட்டி. வக்கீல் கண்ணுக்கு வேறு பெட்டி.

ஒரு மான் லேபிள் இருந்தது. கல்லில் வரைந்து அச்சடித்த காலம். கல்லில் படம் இடவலம் மாறி இருக்க வேண்டும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். அவசர ஆர்டரில் யாரோ ஒருவர் பெட்டியைப் பார்த்தபடியே கல்லில் மானை வரைந்துவிட்டார். அடித்துப் பார்த்தால் மான் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. ஆர்டர் கொடுத்தவர் கோபப்படவில்லை. "அவுக மான் அங்கிட்டுப் பாக்குது, நம்ம மான் இங்கிட்டுப் பாக்குது. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்லே" என்று சந்தோஷமாக வாங்கிப் போனார். அந்தப் பிழையே பிறகு ஒரு முறையாகிவிட்டது. நகல் என்றால் திருப்பி அடி என்றார்கள். பழைய மான்காரர் தன் லேபிளில் 'அசல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தது அதற்குப் பிறகுதான். நகல் வரும்வரை அவர் அசலாக இருக்கவில்லை. வெறும் மானாக இருந்தார். அடுத்த சீசனில் திரும்பிய மான்காரரும் 'அசல்' என்று போட்டுக்கொண்டார், 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்' என்ற வரியோடு.

இதைக் கட்டுரையாக எழுதினேன். விருதுநகரிலிருந்து வந்து, மூன்றே இதழ்களோடு நின்றுபோன ஒரு காலாண்டிதழில் 2001 ஜூலையில் வெளிவந்தது. யாரும் கடிதம் போடவில்லை. தனசேகரனுக்கு ஒரு பிரதி நானே அனுப்பினேன்.

அவன் என்ன செய்திருக்கிறான் என்று காட்ட ஒரு வாக்கியம் போதும். நான் எழுதியது:

"மானின் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தால் அது நகல் என்று ஊரில் சொல்வார்கள்; ஆனால் நகல் வருவதற்கு முன் எந்த மானும் வலப்பக்கம் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை."

அவன் ஆங்கிலத்தில் எழுதியதைத் திரும்பத் தமிழில் தருகிறேன்:

"அன்னத்தின் தலை இடப்புறம் சாய்ந்திருப்பின் அது போலி என அவ்வட்டார மக்கள் கருதுகின்றனர், எனினும் போலி தோன்றும் முன் எந்த அன்னமும் வலப்புறம் நோக்கியதாக எவரும் குறிப்பிட்டதில்லை."

மான் அன்னமாகிவிட்டது. எலும்பு ஒன்றுகூட இடம் மாறவில்லை. பேராசிரியர் வேலையையும் எங்கள் அச்சக வேலையையும் நான் தனித்தனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

கயலுக்குப் போன் செய்தேன். அவளுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் வந்திருந்தது. நாங்கள் கேட்கும்வரை சொல்லவில்லை.

"உங்க ஆர்ட்டிக்கிள்தான்பா. நான் டிரான்ஸ்லேட் பண்ணேன். அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது."

"என் கட்டுரையையா?"

"ஆமாம்பா. அந்த மேகஸின் வீட்ல இருக்குல்ல. போன கிறிஸ்மஸுக்கு வந்தப்ப எடுத்துட்டு வந்தேன்."

உண்மையைச் சொல்கிறேன். படிப்பு இடம் ரத்தாகலாம் என்ற கடிதம் கையில் இருக்கிறது, எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் தமிழில் எழுதியதை என் வீட்டில் ஒருவர் வாசித்திருக்கிறார். வாசித்தது மட்டுமில்லை, மொழிபெயர்த்துமிருக்கிறார்.

"அப்புறம் ஏம்மா என் பேரப் போடல?"

"அப்பாவை எப்படி சோர்ஸ்னு சைட் பண்றது? டின்னர்ல நீங்க சொல்றதுக்கெல்லாம் ஃபுட்நோட் போட முடியுமா? நம்ம வீட்டுக் கதைதானே அது."

"அது கதை இல்லை கயல். அச்சில் வந்த கட்டுரை."

"சாரிப்பா. ஆனா அந்த ஆள்கிட்டருந்து நான் திருடல. அதை மட்டும் நம்புங்க."

நம்பினேன். என் மனைவி பார்வதி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பிள்ள அப்பா எழுதுனத எடுத்திருக்கு. அதுக்குப் பேரு களவா? எந்த ஊரு நியாயம்ங்க இது?" என்றாள். இந்த ஊர் நியாயம் என்றேன். அப்பாவிடமிருந்து எடுத்தாலும் அப்பா பெயரைச் சொல்ல வேண்டும். அதுவும் சரியான நியாயம்தான். ஆனால் அது சின்னக் குற்றம். கடிதம் சொல்வது பெரிய குற்றம். இரண்டுக்கும் நடுவில் அவளுடைய பட்டம் நின்றது.

வேடிக்கை ஒன்று உண்டு. எழுத்துக்கு ஆசிரியன் உரிமையாளன் அல்ல, ஒவ்வொரு எழுத்தும் முந்தைய எழுத்துகளால் நெய்தது என்று அந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கயலின் பாடக்குறிப்பில் பார்த்தேன். கடைசி வாரத்தில் உரிமையாளன் யார் என்று கேட்டுக் கடிதம் அனுப்புகிறார்கள்.

4

தனசேகரனின் வீட்டு எண்ணைப் பிடிக்க ஒரு வாரமாயிற்று.

"யாரு, மாரியா? ஏலே, லண்டன்காரரு! இப்பத்தான் நம்ம ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"லண்டன் இல்லலே, கவென்ட்ரி."

"எல்லாம் ஒன்னுதாம்லே எங்களுக்கு. சொல்லு, மதினி, பாப்பா எல்லாம் சொகமா?"

விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டான். அப்புறம் சிரித்தான்.

"நீதானலே எழுதுன, அசல்னு ஒன்னு கெடையாதுன்னு? அத நம்பித்தான நான் எழுதுனேன்."

"அசல்னு ஒன்னு எப்படி வருதுன்னு எழுதுனேன். ஏன் எம்பேரு இல்ல?"

"கீழ உசாத்துணைல போட்டிருந்தேன்லே. டைப் அடிச்சவன் விட்டுட்டான்."

"மானை அன்னமாக்கினதும் டைப் அடிச்சவனா?"

"கிண்டலா? இன்டர்நேஷனல் செமினார்லே அது. தீப்பெட்டி மானுன்னா ஒரு மாதிரி இருக்கும். அன்னம்னா கொஞ்சம் கிளாஸிக்கலா இருக்குமேன்னுட்டு."

ஒரே ஒரு கடிதம் கேட்டேன். என் கட்டுரையைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று இரண்டு வரி. பிள்ளையின் படிப்பு அதில் இருக்கிறது என்றேன்.

"அதுல என்ன எழுதச் சொல்லுத? களவாண்டேன்னு நானே கையெழுத்துப் போடவா? அடுத்த மாசம் எனக்குப் பிரின்ஸிபால் இன்டர்வியூ இருக்குலே. ஒனக்கு ஒரு புள்ளன்னா எனக்கும் ரெண்டு இருக்கு."

"அப்ப முடியாதா?"

"கோவிச்சுக்காதலே. ஒன்னு கேக்கேன், சொல்லு. ஒம்மக ஒன் தமிழ்க் கட்டுரைய வாசிச்சு மொழிபெயர்த்துச்சுன்னு சொல்லுத. மூணு வருசத்துக்கு முன்னால இங்கன வந்தீகள்ல, நாந்தான வழியனுப்ப வந்தேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல போர்டப் பாத்து இது மதுர வண்டியா சாத்தூர் வண்டியான்னு கண்டக்டர்ட்ட கேட்டுச்சுலே அந்தப் புள்ள. அதுவா கட்டுடைப்பு வாசிச்சுச்சு?"

போனை வைத்தேன். எண்பதுகளில் ஒரே புரோட்டாவைப் பிய்த்துத் தின்றவர்கள் நாங்கள். அவன் திருடியதைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்றும் கசக்கிறது. அவன் எழுதியதிலும் சொன்னதிலும் என்னிடமிருந்து எடுக்காத ஒரே வாக்கியம் அது.

2005 ஆகஸ்டில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டில் கயல் அப்படிக் கேட்டதும் உண்மைதான். எட்டு வயதுவரை சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். பிறகு சனிக்கிழமை நீச்சல் வந்தது. ஆனால் பஸ் பலகையில் எழுத்து உதிர்ந்துகூட இருந்திருக்கலாம்.

5

விசாரணைக் குழுவுக்கு மூன்று ஆதாரங்கள் வேண்டியிருந்தன. என் கட்டுரை வெளியான தேதிக்குச் சான்று. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. இதழின் சர்வதேசப் பதிவு எண். மூன்றாவது கிடையாது என்று எழுதினேன். பதிவு எண் இல்லாத இதழ் எப்படி வெளியாகும் என்று திருப்பிக் கேட்டார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் வெளியாகும், அப்படித்தான் நின்றும் போகும் என்று எழுதிவிட்டு, பின்பாதியை அடித்துவிட்டு அனுப்பினேன். மூல ஆசிரியரும் மாணவியும் ஒரே குடும்பப் பெயர் கொண்டிருப்பதால் கூடுதல் கவனம் தேவைப்படும் என்று பதில் வந்தது. அவர்கள் கட்டத்தை நிரப்பச் சொல்லி வாங்கிய பெயர் அது.

அந்த இதழ் அச்சானது சித்தப்பாவின் அச்சகத்தில்தான். இப்போது அதை அவர் மகன் பாண்டி நடத்துகிறான். அடிக்கிற எந்த வேலையிலும் ஒரு பிரதியில் தேதி முத்திரை குத்தி மாதிரிக்கு வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். போன் செய்தேன்.

"அண்ணே, சொகமா இருக்கீகளா? மதினி சொகமா? சீசன் நேரம்ணே, தலைக்கு மேல கெடக்கு. விஸ்வநத்தம் கம்பெனி லோடு நாளைக்குப் போவணும்."

சொன்னேன். இரண்டு நாளில் அவனே கூப்பிட்டான்.

"கெடச்சிருச்சுண்ணே. எலியும் திங்கல, கரையானும் திங்கல. அதுகளுக்கே பிடிக்கல போலிருக்கு ஒங்க புஸ்தகம்."

"முத்திரை இருக்கா?"

"ஜூலை 2001, தெளிவா இருக்கு. ஆமா, இத ஒரு புரோபசரு காப்பி அடிச்சாராமே? அம்புட்டு என்னண்ணே இருக்கு இதுல? நம்ம மான் கதைதான! எங்கிட்டக் கேட்டிருந்தா நாலு கலர்ல அடிச்சுக் குடுத்திருப்பேனே."

தேதிக்கு அரசு முத்திரையும் இருந்தால் நல்லது என்று அவனைச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பினேன். அப்படி ஒரு சான்றிதழுக்குப் படிவம் இல்லை என்றார்களாம். வாசலில் உட்கார்ந்திருந்த நோட்டரி, "பத்திரிகைக்குப் பிறந்த தேதியா? செத்த தேதியும் போட்டுருவமா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூரியரில் வந்தது.

சான்றளிக்கும் மொழிபெயர்ப்பாளர் பக்கத்து நகரமான லெஸ்டரில் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. கண்டிப்பானவர்.

"அண்ணை, உங்கட கட்டுரையில மான் எண்டு இருக்கு. மற்றாளின்ர பேப்பரில அன்னம் எண்டு கிடக்கு. மகளின்ர கட்டுரையில மான்தான். இதை நீங்கள் கவனிச்சனீங்களோ?"

கவனித்திருந்தேன். கயலின் கட்டுரையில் மான் என்றுதான் இருக்கிறது. தனசேகரனிடமிருந்து எடுத்திருந்தால் அன்னம் என்றல்லவா இருக்க வேண்டும்? என்னுடைய பெரிய ஆதாரமே அதுதான்.

"அப்ப அதையும் ஒரு குறிப்பா எழுதிடுங்களேன்" என்றேன்.

"அது என்ர வேலையில்லை. தாளில இருக்கிறதை மட்டும்தான் நான் எழுதுவன்."

அவருடைய மொழிபெயர்ப்பு வந்ததும் மூன்று ஆங்கிலத்தையும் வரிசையாக மேசையில் வைத்தேன். தனசேகரனுடையது, கயலுடையது, லெஸ்டர் அம்மாவுடையது. மான் வாக்கியத்தின் இரண்டாவது பாதியில் மூவரும் ஏறக்குறைய ஒரே சொற்களில் போய் நின்றிருந்தார்கள். என் வாக்கியத்தை ஒழுங்காக மொழிபெயர்க்கிற யாரும் அங்கேதான் வந்து சேர்வார்கள் போலிருக்கிறது. கயல் தப்பிக்க இதைவிட நல்ல வாதம் கிடையாது. பார்வதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப பிள்ள சொன்னது நெசந்தான?" என்றாள். "நெசம்தான்" என்றேன்.

சொல்லிவிட்டு முதல் பாதியைப் பார்த்தேன். அங்கே லெஸ்டர் அம்மா தனியாக இருந்தார். கயலும் தனசேகரனும் சேர்ந்து இருந்தார்கள். 'ஊரில் சொல்வார்கள்' என்று நான் எழுதியிருந்தேன். லெஸ்டர் அம்மா அதை அப்படியே கொடுத்திருந்தார். தனசேகரன் 'அவ்வட்டார மக்கள் கருதுகின்றனர்' என்று உயர்த்திவிட்டான். கயலிடமும் 'அவ்வட்டார மக்கள்'தான் இருந்தார்கள்.

என் ஊர் மக்களை என் மகள் அவ்வட்டார மக்கள் என்பாளா? பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது எழுதலாம்தான். அந்த மொழி அப்படித்தான் பேசச் சொல்கிறது. அதையே தனசேகரனும் கற்றுக்கொண்டிருக்கலாம். சரி, மான்? மான் என்று எழுத அவளுக்கு என் கட்டுரை தேவையே இல்லை. அந்த மான் எங்கள் சாப்பாட்டு மேசையில் சின்ன வயதிலிருந்தே நிற்கிறது. இணையத்தில் ஓர் ஆங்கிலக் கட்டுரை கிடைத்து, அட, இது நம்ம அப்பா சொல்கிற கதை, இந்த ஆள் பறவை என்று தப்பாக எழுதியிருக்கிறான் என்று அவளே திருத்தியிருந்தாலும் இப்படித்தான் வரும்.

இதைப் பார்வதியிடம் சொல்லவில்லை. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதிக்கு அடிக்கோடிட்டுக் குழுவுக்கு அனுப்பினேன்.

6

விசாரணை 2008 ஜூன் 19, வியாழக்கிழமை. லீவு போட்டுவிட்டுப் போனேன். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்றார்கள். மாணவர் சங்கத்திலிருந்து ஒரு பையன் துணைக்குப் போனான். நான் வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் அந்தத் துண்டறிக்கையைப் பெரிதாக அடித்து ஒட்டியிருந்தார்கள். சிவப்பு சற்று மங்கல். மஞ்சள் அரைப்பங்கு கூடிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இதை மட்டும்தான் இந்த நாடு என்னிடம் கேட்டிருக்கிறது.

உள்ளே போகும் முன் கயல் என் கையிலிருந்த இதழை வாங்கிக்கொண்டாள். முத்திரை குத்திய பிரதி. "இத நான் வச்சுக்கிறேன்பா." பக்கத்தைப் பிரித்துக் கொடுக்கவா என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றாள். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள். தெரியுமா என்று கேட்கக் கூடாதவரிடம் கேட்டுவிட்டது போலவும் இருந்தது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டது போலவும் இருந்தது.

வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. அழுதாளா என்று கேட்கவில்லை. ரயிலடிக்கு நடந்தோம்.

"என்ன கேட்டாங்க?"

"நிறைய. உங்க தேதி எல்லாம் பர்ஃபெக்டா இருக்குன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்பா, ப்ளீஸ். முடிஞ்சிருச்சு. ஒரு காபி வாங்கித் தர்றீங்களா?"

வாங்கித் தந்தேன். அவள் கைபேசியில் தோழியோடு ஆங்கிலத்தில் விடாமல் பேசினாள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு சிரிப்போடு என்னிடம் அவள் எந்த மொழியிலும் பேசியதில்லை.

7

முடிவு ஜூலையில் வந்தது. பெரிய குற்றம் நிரூபணமாகவில்லை. மூலம் தந்தையின் கட்டுரை என்று குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதைக் குறிப்பிடாதது தவறு. கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை. திரும்ப எழுதித் தர வேண்டும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சி மதிப்பெண்தான். படிப்பு இடம் தப்பியது. பார்வதி பாயசம் வைத்தாள்.

திரும்ப எழுதிய கட்டுரையை எனக்கு அனுப்பினாள். நன்றாக இருந்தது. மூடி வைத்துவிட்டுப் புரிந்ததை எழுதியிருந்தாள். மானே இல்லை. கடைசியில் உசாத்துணைப் பட்டியலில் என் பெயரை முதல் தடவையாக ஆங்கில எழுத்தில் அச்சாகப் பார்த்தேன். எனக்கு மேலே தனசேகரன் இருந்தான். இருவரையும் குறிப்பிட வேண்டும் என்பது அந்தப் பாடம் நடத்திய பேராசிரியையின் நிபந்தனை. அகர வரிசையில் அவன்தான் முந்துவான். இனி அந்தத் துறையில் யார் இதைத் தேடினாலும் முதலில் அன்னம் வரும், அப்புறம் மான் வரும். அவன் பிரின்ஸிபால் ஆகிவிட்டான் என்று பாண்டி சொன்னான். ஊரில் போஸ்டர் ஒட்டினார்களாம், பாண்டியின் அச்சகத்தில்தான் அடித்தார்களாம். "ஆர்டர்ணே, என்ன செய்ய?" என்றான்.

முடிவோடு விசாரணைக் குறிப்பின் நகலும் வந்தது. மிஸ் மாரியப்பனுக்கு வந்ததை மிஸ்டர் மாரியப்பன் இந்த முறை தெரிந்தேதான் பிரித்தேன். அதில் ஒரு பத்தி:

"மாணவிக்கு மூலமொழியில் வாசிக்கத் தெரியுமா என்று குழு கேட்டது. மாணவி இதழைத் திறந்து ஒரு பகுதியை உரக்க வாசித்தார். அவர் மூலமொழியை அறிந்தவர் என்பதில் குழு திருப்தி அடைந்தது."

குழுவில் மூன்று பேர். மூன்று பேருடைய பெயர்களும் குறிப்பில் உள்ளன. துணைக்குப் போன பையன் பெயரும் உள்ளது. நால்வருக்கும் தமிழ் தெரியாது.

பார்வதியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"அவகிட்ட இதக் கேட்றாதீக."

"ஏன்?"

"வாசிச்சேன்னு சொன்னா நம்புவீகளா?"

குறிப்பை மடித்து உறைக்குள் வைத்தேன். அன்றிலிருந்து கயல் நான்கு முறை வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். இதழைத் திருப்பித் தந்துவிட்டாள். புத்தக அலமாரியில் இருக்கிறது. எந்த வரியையாவது வாசித்துக் காட்டு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை.

ஆகவே இப்படிக் குறித்து வைக்கிறேன். 2008 ஜூன் 19 அன்று அந்த அறையில் என் மகள் ஒரு தமிழ் இதழைத் திறந்து ஏதோ ஒரு பகுதியைத் தமிழில் உரக்கச் சொன்னாள் என்பதற்கு எழுத்து ஆதாரம் உண்டு. அது என் கட்டுரையிலிருந்து வாசித்ததா, அல்லது பக்கத்தைப் பார்த்தபடி தனக்குத் தெரிந்த தமிழில் வேறு எதையாவது சொன்னதா என்பது சரிபார்க்கப்படவில்லை.